வேம்பு நடந்து வந்த பனி

அளத்துக்கரையில் யாருடைய வயதைக் கேட்டாலும் புயலை வைத்துத்தான் சொல்வார்கள். மாடு மிதந்த புயலில் பிறந்தவர், கூரை பறந்த கார்த்திகையில் கல்யாணம் ஆனவர், பாலம் முறிந்த வருஷத்தில் பல் விழுந்தவர் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு கணக்கு உண்டு; ஏனென்றால் அந்த ஊருக்குப் பெரிதாக எது வந்தாலும் ஐப்பசிக் கடைசியிலோ கார்த்திகையிலோதான் வந்தது, கடல் வழியாகத்தான் வந்தது, வந்தால் எதையாவது எடுத்துக்கொண்டுதான் போனது. அப்படி வந்தவற்றில் கடைசியாக வந்த புயலுக்கு மட்டும் யாரும் பெயர் வைக்கவில்லை. அது ஊரில் பாதி வீடுகளிலிருந்து ஆட்களை எடுத்துக்கொண்டு போனது. அதைப் பற்றிப் பேச வேண்டி வந்தால் "அன்னிக்கு" என்பார்கள். என்றைக்கு என்று யாரும் திருப்பிக் கேட்க மாட்டார்கள்.

அதற்கு ஏழு வருஷம் கழித்து, ஒரு கார்த்திகை விடியலில், அளத்துக்கரையில் பனி பெய்தது.

புல்லின் நுனியில் நின்று வெயில் வந்ததும் காணாமல் போகிற பனி அல்ல அது. மலைகளின் உச்சியிலும் தூர தேசங்களிலும் பெய்கிற வெண்பனி; பஞ்சைப் பிய்த்துப் போட்டதுபோலச் சத்தமே இல்லாமல் இறங்கி, வீட்டுக் கூரைகளையும் முருங்கை மரங்களையும் பஸ் நிற்கும் இடத்தையும், மழைநீர் தேங்கிய உப்புப் பாத்திகளையும், பாத்திகளுக்கு நடுவே ஓடும் வரப்புகளையும் மூடி, கடலின் முதல் அலை வந்து தொடும் இடம் வரைக்கும் கணுக்கால் உயரத்துக்குக் கிடந்தது.

அதை முதலில் பார்த்தவர் கங்காணி முத்துக்கறுப்பன். உப்பளத்தில் ஆட்களை வேலை வாங்குகிற கங்காணிக்கு வெள்ளையாக எதைப் பார்த்தாலும் உப்பு என்றுதான் தோன்றும். மழைக்காலத்துக்கு முன்பு வாரிக் குவித்து, பனையோலை வேய்ந்து மூடி வைத்திருந்த உப்பு அம்பாரங்களைக் காற்று பிரித்து ஊரெல்லாம் இறைத்துவிட்டது என்று அவர் நினைத்தார். "ஓலை பிச்சுக்கிச்சு, எல்லாரும் ஓடியாங்க!" என்று அவர் கத்தியதில், சாக்கைக் கொங்காணியாக மடித்துத் தலையில் போட்டுக்கொண்டு, வாருபலகையும் கூடையுமாக ஊரே வந்து சேர்ந்தது. வந்தவர்கள் குனிந்து வாரத் தொடங்கிய பிறகுதான், பக்கத்துத் தெரு தைலம்மை ஒரு விரலில் எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

"கரிக்கலையே!"

"நல்லாப் பாரு."

"பார்த்துட்டேன். சப்புன்னு இருக்கு. கரிக்காத உப்பு என்னத்துக்கு ஆவும்?"

"கங்காணி, இதை வாரினா கூலி உண்டா?" என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார்.

"கரிச்சா உண்டு."

ஆனாலும் அவர்கள் வாருவதை நிறுத்தவில்லை. தரையில் வெள்ளையாகக் கிடப்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்க அந்தக் கைகளுக்குத் தெரியாது. மத்தியானத்துக்குள் பஸ் நிற்கும் இடத்தருகே இரண்டு ஆள் உயரத்துக்கு ஒரு பனி அம்பாரம் எழுந்தது. அதன்மேல் முறைப்படி பனையோலை வேய்ந்து, காற்றுக்குப் பறக்காமல் கயிறு கட்டி, நான்கு மூலையிலும் கல் வைத்தார்கள். பிள்ளைகள் அவரவர் வாசலில் பனியிலேயே குட்டிப் பாத்திகள் கட்டி, குட்டி வரப்புகள் போட்டு, குட்டி அம்பாரங்கள் குவித்து, அதற்குக் கங்காணியாக யார் இருப்பது என்று சண்டை போட்டுக்கொண்டார்கள். கிட்டப்பாவின் டீக்கடையில் இந்த வருஷத்துக்கு என்ன பெயர் வைப்பது என்று பேச்சு நடந்தது. "சப்புன்னு பெய்ஞ்ச வருஷம்" என்று கிட்டப்பா சொன்னார். அன்றைக்கு அவர் கடையில் நான்கு முறை பால் தீர்ந்தது.

டவுனிலிருந்து வானிலை அலுவலகத்து ஆள் ஒருவர் ஜீப்பில் வந்தார். டவுனில் புழுக்கமாக இருந்தது என்றும், ஜீப் வாய்க்கால் மதகைத் தாண்டியதும் கண்ணாடி வெளுத்துவிட்டது என்றும் டிரைவர் சொன்னார். வந்தவர் நல்ல மனிதர். கணுக்கால் வரை பனியில் நின்றுகொண்டு, கடல் மட்டத்தில் இருக்கிற ஊரில் பனி பெய்ய வாய்ப்பே இல்லை என்று பொறுமையாக விளக்கினார்.

"சார், ஒரு டீ குடிச்சிட்டு, நடுக்கம் நின்னதும் இன்னொரு தடவை சொல்லுங்க," என்றார் கிட்டப்பா.

அவர் இரண்டு டீ குடித்தார். மறுபடியும் சொல்லவில்லை. போகும்போது, வங்கக் கடலில் ஒரு தாழ்வு நிலை உருவாகிறது, வாரக் கடைசியில் மழை வரும், கவனமாக இருங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் காலையில் பனியின்மேல் காலடிகள் இருந்தன.

அவை கடலிலிருந்து வந்தன. அலை முடியும் இடத்தில் தொடங்கி, உப்பளத்து வரப்புகளின்மேல் வரிசையாக நடந்து, ஊருக்குள் வந்ததும் பிரிந்து, ஒவ்வொன்றும் ஒரு வீட்டுக்குப் போய், வாசற்படியோடு நின்றன. திரும்பிப் போன தடம் எதுவும் இல்லை. அவை யாருடைய காலடிகள் என்று யாரும் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. பிறந்ததிலிருந்து வெறுங்காலோடு நடக்கிறவர்களுக்கு, நாளெல்லாம் குனிந்தே வேலை செய்கிறவர்களுக்கு, ஒருவரை ஒருவர் முகத்தைவிடப் பாதத்தால்தான் அதிகம் தெரியும். வெடித்த குதிகால், மடங்கிய விரல், கண்ணாடிச் சில்லு குத்தி ஆறிய குழி எல்லாம் பனியில் அச்சாகப் பதிந்திருந்தன. அன்னிக்குப் போனவர்கள் வீட்டுக்கு வந்திருந்தார்கள்.

யாரும் பயப்படவில்லை. கங்காணி தன் தம்பியின் தடத்தை வாசலில் பார்த்துவிட்டு, உள்ளே போய்ப் பாயை உதறி விரித்துவிட்டு வந்தார். சில வீடுகளில் அழுதார்கள். சில வீடுகளில் மீன் வாங்கி வந்து குழம்பு வைத்து, ஒரு இலை அதிகமாகப் போட்டார்கள். அழுத வீடு, குழம்பு வைத்த வீடு என்ற பேதம் இல்லாமல், அன்று மத்தியானம் அந்த வீடுகளில் எல்லோரும் ஏழு வருஷமாகத் தூங்காத தூக்கம் தூங்கினார்கள்.

தைலம்மையின் புருஷன் ரத்தினசபாபதிக்கு மட்டும் தகராறு. அவருக்கு இரண்டு வீடு. அவருடைய பெரிய பாதங்கள் தைலம்மை வீட்டை நோக்கிப் பாதி தூரம் வந்து, நின்று, திரும்பி, சின்னவள் வீட்டை நோக்கிப் பாதி தூரம் போய், நின்று, மறுபடி திரும்பியிருந்தன. இரண்டு வீட்டுக்கும் நடுவே பனி மிதிபட்டு ஒரு ஒற்றையடிப் பாதையே விழுந்திருந்தது.

"செத்தும் மாறல பாரு," என்று தைலம்மை தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு சின்னவளைக் கூப்பிட்டு, இருவருமாக அந்தப் பாதையின் நடுவில் ஒரு பலகையைப் போட்டு, அதன்மேல் ஒரு செம்புத் தண்ணீரை வைத்தார்கள். மறுநாள் காலையில் தடங்கள் பலகைக்கு வந்து நின்றிருந்தன.

வைரக்கண்ணுவின் வீடு ஊரின் கிழக்குக் கோடியில், உப்பளத்தைப் பார்த்தாற்போல் இருந்தது. அவன் மனைவி குஞ்சம்மாள் விடிவதற்கு முன்பே எழுந்து வாசற்படிக்கு வந்து பார்த்தாள். படியில் ஒன்றும் இல்லை. முற்றத்தில் ஒன்றும் இல்லை. கோழிக்கூண்டு தாண்டி, முருங்கை மரம் தாண்டி, பாத்திகளின் மேல் வரப்புவரை வெறும் வெள்ளை. அவள் இடுப்புச் சேலையைச் செருகிக்கொண்டு வரப்பின்மேல் நடந்து போனாள். கடலோரத்திலிருந்து எண்ணினால் மூன்றாவது பாத்தியின் வரப்பில், சின்னச் சின்னதாக, இடது சுண்டுவிரல் தரையில் படாத ஒரு தடம் இருந்தது.

அது அவர்களுடைய மகள் வேம்பு. போனபோது ஆறு வயது.

அன்னிக்குத் தண்ணீர் வந்தபோது பெண்களையும் கைக்குழந்தைகளையும் முதலில் பள்ளிக்கூட மாடிக்கு அனுப்பினார்கள். குஞ்சம்மாள் அங்கே இருந்தாள். வேம்பு அப்பாவோடுதான் வருவேன் என்று அடம்பிடித்து நின்றுகொண்டாள். வைரக்கண்ணு அவள் கையைப் பிடித்துக்கொண்டு கடைசியாகக் கிளம்பினான் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். பள்ளிக்கூடத்துப் படியில் அவன் தனியாக ஏறி வந்தான். அவனுக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று குஞ்சம்மாள் எட்டிப் பார்த்தாள். அவ்வளவுதான். அவள் ஒன்றும் கேட்கவில்லை. அவன் ஒன்றும் சொல்லவில்லை. உடல் கிடைக்கவில்லை. ஏழு வருஷமும் அவள் அவனுக்குச் சோறு போட்டாள், காய்ச்சல் வந்தால் பத்துப் போட்டாள், வேலைக்கு ஒன்றாகப் போய் ஒன்றாக வந்தார்கள். அந்த ஒரு கேள்வி மட்டும் அவர்கள் வீட்டில் யாரும் உட்காராத நாற்காலிபோல ஒரு மூலையில் கிடந்தது.

மற்றவர்கள் எல்லாம் ஒரே எட்டில் வீட்டுக்கு வந்துவிட்டார்கள், வேம்பு மட்டும் ஏன் பாத்தியிலேயே நிற்கிறாள் என்று ஊர் கவலைப்பட்டது. மறுநாள் காலையில் தடம் கொஞ்சம் நகர்ந்திருந்தது. அதற்கு மறுநாள் இன்னும் கொஞ்சம். குஞ்சம்மாள் தினமும் போய்க் குனிந்து, தடங்களை ஒன்றுவிடாமல் பார்த்துவிட்டு வந்து சொன்னாள்.

"சின்னக் கால்தானே, அதான் மெதுவா வர்றா. இந்த இடத்துல நண்டு வளையைப் பார்த்திருக்கா, சுத்திச் சுத்தி வந்திருக்கா. அங்க ஒத்தைக் கால்ல நொண்டி ஆடியிருக்கா. உப்பளத்து மதகு மேல ஏறிக் குதிச்சிருக்கா, ரெண்டு குதியும் ஆழமாப் பதிஞ்சிருக்கு."

சொல்லும்போது அவள் முகம் சிவந்திருந்தது. "வேடிக்கை பார்த்துக்கிட்டே வர்றா, கழுதை," என்றாள்.

அன்றிலிருந்து அளத்துக்கரையில் எல்லோரும் வேம்புவுக்கு வழிவிட்டார்கள். யாரும் சொல்லவில்லை, ஆனால் உப்பளத்திலிருந்து வைரக்கண்ணு வீட்டுக்கு வரும் அந்த வெள்ளைப் பட்டையில் ஒரு கால் படவில்லை. ஆடுகளைக் கட்டிப் போட்டார்கள். நாய்களுக்குச் சங்கிலி வந்தது. பஸ் டிரைவர் ஹாரன் அடிப்பதை நிறுத்திவிட்டு, வாய்க்கால் மதகுக்கு அந்தப் பக்கமே நிறுத்தி, பயணிகளை நடக்கச் சொன்னார். யாரும் முணுமுணுக்கவில்லை. சாயங்காலம் வெளிச்சம் மங்குகிற நேரத்தில் குஞ்சம்மாள் வாசலில் நின்று, எல்லாத் தாய்மார்களும் விளையாடப் போன பிள்ளையைக் கூப்பிடுகிற குரலில், "வேம்பூ, நேரமாச்சு, வா!" என்று கூப்பிடுவாள். டீக்கடையில் பேசிக்கொண்டிருப்பவர்கள் அந்த நேரத்தில் பேச்சை நிறுத்திக்கொள்வார்கள்.

வைரக்கண்ணு தடங்களைப் பார்க்கப் போகவில்லை. அவன் வானத்தைப் பார்த்தான்.

கார்த்திகை வெயில் பெரிய வெயில் அல்ல; ஆனாலும் வெயில். தினமும் உச்சிப்பொழுதில் பனி ஒரு விரல் தடிமன் கரைந்தது. புதிதாகப் பெய்யவில்லை. கூரைகளிலிருந்து சொட்டத் தொடங்கியது. டீக்கடை அடுப்புக்கு அருகே கறுப்பு மண் தெரிந்தது. பிள்ளைகளின் குட்டி அம்பாரங்கள் கரைந்தன. மற்றவர்களுக்கு அது பொருட்டாக இல்லை. அவர்களுடைய ஆட்கள் வந்து சேர்ந்துவிட்டார்கள். அவன் மட்டும் காலையில் வேம்பு வர வேண்டிய வழி முழுவதும் பனையோலையைப் போட்டு மூடி, பொழுது சாய்ந்ததும் ஒவ்வொரு ஓலையாக எடுத்து அடுக்கினான். உப்பை மழையிலிருந்து காப்பாற்றுவதுபோலப் பனியை வெயிலிலிருந்து காப்பாற்றினான்.

"எதுவரைக்கும் வந்திருக்கா?" என்று ஒருநாள் அவன் கேட்டான். அவள் பெயரைச் சொல்லாமல்தான் கேட்டான்.

"முருங்கை மரத்துக்கு வந்துட்டா."

"நாளைக்கு வந்துருவாளா?"

"நடுவுல கோழிக்கூண்டு இருக்குங்க. குஞ்சு பொரிச்சிருக்கு. அதைப் பார்க்காம வருவாளா? நாளன்னிக்கு வந்துருவா."

நாளன்னிக்கு வாரக் கடைசி. ரேடியோவில் அன்று காலையில்தான் சொல்லியிருந்தார்கள், நாளை மறுநாள் கடலோரத்தில் கனமழை பெய்யும் என்று. வைரக்கண்ணு தலையாட்டிவிட்டு வெளியே வந்தான். கிழக்கே கடலுக்கு மேல் ஒரு சாம்பல் கோடு தெரிந்தது. முற்றத்துப் பனியில் காலை மெல்ல வைத்துப் பார்த்தான். பொதபொதவென்று இருந்தது. மழை வருகிறவரைக்கும்கூட இது தாங்காது என்று அவனுக்குத் தெரிந்தது.

மறுநாள் காலை, தடம் கோழிக்கூண்டுக்குச் சற்றுத் தொலைவில் நின்றிருந்தது. குஞ்சம்மாள் அதைப் பார்த்துவிட்டு, டவுனுக்குப் பஸ் ஏறினாள். வீட்டுக்கு வருகிற பிள்ளைக்கு ஒரு புதுப் பாவாடை வேண்டாமா? ஜவுளிக்கடைக்காரர், "பாப்பாவுக்கு என்ன வயசும்மா?" என்று கேட்டார். அவள் விரல்விட்டு எண்ணினாள். இருந்திருந்தால் பதின்மூன்று. பிறகு பனியிலிருந்த பாதத்தை நினைத்துப் பார்த்துக்கொண்டு, "ஆறு," என்றாள்.

அந்த நேரத்தில் வைரக்கண்ணு டீக்கடைக்குப் போனான். அவன் அங்கே வந்து ஏழு வருஷம் ஆகியிருந்தது. பெஞ்சில் இருந்தவர்கள் நகர்ந்து இடம் விட்டார்கள்.

"கரையுது," என்றான். "இன்னும் ஒரு ராத்திரி நிக்கணும். என்ன செய்யலாம்?"

பெஞ்சு வெகுநேரம் யோசித்தது. பிறகு கங்காணிதான் கேட்டார், "ஏம்ப்பா, மீனு கெடாம இருக்க என்ன செய்யறோம்?"

"உப்பு போடுறோம்."

"மாங்கா? நாரத்தங்கா?"

"உப்புதான்."

"குச்சி ஐஸ் விக்கிறவரு வருஷா வருஷம் நம்மகிட்டதான் கல்லுப்பு வாங்கிட்டுப் போறாரு," என்றார் கிட்டப்பா. "பெட்டியில ஐஸைச் சுத்தி அதைத்தான் கொட்டுறாரு. நானே பார்த்திருக்கேன். எதுக்குக் கொட்டுறாரு? உருகாம இருக்கத்தானே?"

வைரக்கண்ணு எழுந்து நின்றான். இத்தனை நாள் தனக்கு இது தோன்றவில்லையே என்று அவன் முகம் சொன்னது. உலகத்தில் எதுவும் கெட்டுப்போகாமல் காக்கிற பொருளை மலை மலையாகக் குவித்து வைத்துக்கொண்டு, பனையோலையோடு போராடிக்கொண்டிருந்திருக்கிறான். கங்காணி சாவியை எடுக்க வீட்டுக்கு ஓடினார். நடுத்தர உப்பு இருந்த அம்பாரத்தைத் தொடாமல், பளிங்குபோல இருந்த முதல்தர உப்பின் ஓலையைப் பிரித்தார்கள். கூடை கூடையாகச் சுமந்து வந்தார்கள். தைலம்மையும் சின்னவளும் ஒரே கூடையை இருபுறமும் பிடித்துத் தூக்கி வந்தார்கள். யாரும் தடத்தின் பக்கம் போகவில்லை. தடம் நின்ற இடத்துக்கு இந்தப் புறமிருந்து, கோழிக்கூண்டைச் சுற்றி, முற்றம் வழியாக, வாசற்படிவரை, வேம்பு இனி நடக்க வேண்டிய வழியில் மட்டும், கையால் பொடித்து, மாவு சலிப்பதுபோல மெல்லத் தூவினார்கள்.

சாயங்கால பஸ்ஸில் குஞ்சம்மாள் வந்து இறங்கியபோது ஊரே அவள் முற்றத்தோரம் நின்றிருந்தது. வழி முழுவதும் வைரப்பொடி இறைத்ததுபோல மின்னிக்கொண்டிருந்தது. அவளும் உப்பளத்துக்காரிதான். குனிந்து பார்த்தாள், புரிந்துகொண்டாள்.

"படிக்கிட்ட கொஞ்சம் கம்மியா இருக்கே," என்றாள்.

பாவாடைப் பொட்டலத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கூடையிலிருந்து ஒரு கை உப்பை அள்ளி, வாசற்படிக்கு முன்னால் அவளே தூவினாள். பிறகு எல்லோரும் வீட்டுக்குப் போனார்கள். அவள் வாசலில் நின்று, "வேம்பூ, வா, வந்துட்டேல்ல, இன்னும் நாலு எட்டுதான்!" என்று கூப்பிட்டாள்.

உப்பு பனியை இன்னும் குளிர வைக்கும் என்பது உண்மைதான். ஐஸ் விற்கிறவர் அதற்காகத்தான் வாங்கிப் போனார். ஆனால் அது பனியை உருக்கித்தான் குளிர வைக்கிறது. கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று, தண்ணீராக்கி, அந்தத் தண்ணீரின் குளிரில் பெட்டிக்குள் இருப்பதை உறைய வைக்கிறது. இதைத் தெரிந்தவர்கள் உலகத்தில் நிறையப் பேர் இருக்கிறார்கள். அன்று அளத்துக்கரையில் யாரும் இல்லை. வெயிலில் உப்பு விளைவதையும் மழையில் உப்பு கரைவதையும் தலைமுறை தலைமுறையாகப் பார்த்தவர்கள், பனியை மட்டும் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

விடிந்தபோது வாசற்படியிலிருந்து கோழிக்கூண்டுக்கு அந்தப் பக்கம் வரைக்கும் பனி இல்லை. கறுத்த சேறும், அதன்மேல் தேங்கிய உப்புத் தண்ணீரும் கிடந்தன. ஊரில் மற்ற இடங்களில்கூடத் திட்டுத் திட்டாகப் பனி இருந்தது. அந்த வழியில் மட்டும் துடைத்து எடுத்ததுபோல ஒன்றும் இல்லை.

பனி முடிந்து சேறு தொடங்குகிற விளிம்பில் வேம்புவின் தடங்கள் இருந்தன.

அவள் அங்கே வந்திருக்கிறாள். நேராக, எங்கேயும் நிற்காமல், நொண்டி ஆடாமல், அம்மா கூப்பிட்ட குரலுக்கு ஓடி வந்திருக்கிறாள். விரல் நுனி மட்டும் ஆழமாகப் பதிந்த எட்டுகள். விளிம்பில் நின்றிருக்கிறாள். வேறு வழி இருக்கிறதா என்று இடது பக்கம் கொஞ்ச தூரம் போய்ப் பார்த்து, வலது பக்கம் போய்ப் பார்த்து, மறுபடியும் நடுவுக்கு வந்து நின்றிருக்கிறாள். கால் மாற்றிக் கால் மாற்றி ஒரே இடத்தில் வெகுநேரம் நின்றதில் அங்கே பனி கெட்டித்துப் போயிருந்தது. உப்புச் சேறு பட்டால் பிள்ளைகளின் கால் வெடித்து எரியும் என்பதால், அந்த ஊரில் நடக்கத் தொடங்கிய குழந்தைக்குத் தாய்மார்கள் முதலில் சொல்லித் தருவது, சேற்றில் கால் வைக்காதே என்பதுதான். வேம்பு சொன்ன பேச்சைக் கேட்டிருக்கிறாள். பிறகு திரும்பியிருக்கிறாள். திரும்பிய தடங்கள் முருங்கை மரத்தைத் தாண்டி, உப்பளத்து மதகைத் தாண்டி, வரப்பின்மேல் கடலை நோக்கிப் போயின.

கங்காணி கையிலிருந்த கூடையைக் கீழே வைத்தார். தைலம்மை குரலெடுத்து அழத் தொடங்கி, குஞ்சம்மாளின் முகத்தைப் பார்த்ததும் சேலை முனையை வாயில் வைத்துக்கொண்டாள். கிட்டப்பா அன்று அடுப்பைப் பற்ற வைக்கவில்லை.

குஞ்சம்மாள் படியிலிருந்து இறங்கி, சேற்றில் கால் வைத்து, அந்தப் பக்கம் ஏறி, திரும்பிப் போன தடங்களுக்குப் பக்கத்திலேயே அவற்றை மிதிக்காமல் நடந்தாள். வைரக்கண்ணு அவளுக்குப் பின்னால் கொஞ்சம் தூரம் விட்டு நடந்தான். வானம் முழுவதும் மூடியிருந்தது. கடலோரத்தில் கடைசி வரப்பில் பனி முடிந்தது, தடமும் முடிந்தது. அலைகள் வந்து போய்க்கொண்டிருந்தன. அவள் வரப்பின்மேல் உட்கார்ந்தாள். அவன் நின்றான்.

"நான்தான்," என்றான் அவன். "நான்தான் உப்பு போடலாம்னு…"

"நானும்தான் போட்டேன்," என்றாள் அவள். "படிக்கிட்ட நான்தானே போட்டேன். அதை விடுங்க."

தன் பக்கத்தில் தடம் படாத பனியைக் கையால் ஒதுக்கினாள்.

"உட்காருங்க," என்றாள்.

அவன் உட்கார்ந்தான்.

"அன்னிக்கு," என்றாள் குஞ்சம்மாள். மறுபடியும் சொன்னாள். "அன்னிக்கு அவ கையை ஏன் விட்டீங்க?"

ஏழு வருஷமாக அந்தக் கேள்வி எப்போது வரும் என்று தினமும் சோற்றில் கை வைக்கும்போதெல்லாம் எதிர்பார்த்தவன், அது வந்தபோது தன் உள்ளங்கையைத் திருப்பி மடியில் வைத்துக்கொண்டு பார்த்தான். உப்பில் வெடித்த கை. நேற்று முழுவதும் உப்பு அள்ளியதில் வெடிப்புகளின் ஓரம் சிவந்திருந்தது.

"நான் விடல, குஞ்சு," என்றான். "கையில இருந்துச்சு. இருந்துக்கிட்டேதான் இருந்துச்சு. அப்புறம் பார்த்தா இல்ல."

அவள் அழவில்லை. அவன்தான் அழுதான், தோள் குலுங்க, வாயை மூடிக்கொள்ளாமல், திறந்த வெளியில், அலைகளுக்கு நேரே அழுதான். அவள் அவனை நிறுத்தச் சொல்லவில்லை. அவன் அழுது ஓய்கிறவரைக்கும் கடலையே பார்த்துக்கொண்டிருந்தாள். முதல் தூறல் விழுந்தது. வரப்பின்மேல் இருந்த பனியில் சின்னச் சின்னக் குழிகள் விழுந்தன.

"அவ முழுக் கையையும் பிடிக்க மாட்டாளே," என்றாள் குஞ்சம்மாள். "ரெண்டு விரலைத்தான் பிடிச்சுக்கிட்டு நடப்பா."

"ஆமா."

"எந்த ரெண்டு?"

வைரக்கண்ணு வலது கையை நீட்டி, ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் மட்டும் விரித்துக் காட்டினான். குஞ்சம்மாள் அந்த இரண்டு விரல்களையும் தன் கைக்குள் எடுத்து, ஒரு பிள்ளை பிடிப்பதுபோல இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். மழை பலமாக வந்தது.